இரண்டு கரைகள், ஒரு பாதை: அயன் திண்மங்களில் காந்த இணைப்பைக் கணிப்பது எப்படி

இலங்கையின் கிழக்கே, திருக்கோவில் கடற்கரையில் அலை வழித்துவிட்டுப் போன இடங்களில் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். சிறு வயதில், பழுதாகிப்போன வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, அந்தக் கோடுகளின் மேல் இழுத்துக்கொண்டு நடப்பேன். கறுப்பு மணலில் ஒரு பங்கு மயிர் சிலிர்த்தாற்போல் எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பங்கு அசையாமல் கிடக்கும். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் இரும்பு இருக்கிறது. பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை என்று அப்போது யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

ஒட்டிக்கொண்டது மக்னடைட்டு. கிடந்தது பெரும்பாலும் இல்மனைட்டு. இரண்டிலும் இரும்பு அயன்கள் ஒட்சிசன் அயன்களால் சூழப்பட்டு, தமக்குரிய இடங்களில் அசையாமல் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வோர் இரும்பு அயனிலும் சோடி சேராத இலத்திரன்கள் இருக்கின்றன. அவற்றின் தற்சுழற்சி அந்த அயனை ஒரு மிகச் சிறிய காந்தமாக்குகிறது. அயன் தனியாக எவ்வளவு வலிய காந்தம் என்பது இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. பக்கத்து அயனோடு அது எப்படிப் பேசிக்கொள்கிறது, எவ்வளவு உரக்கப் பேசிக்கொள்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. அந்தப் பேச்சின் வலிமையை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும். அந்த எண்ணை ஆய்வுகூடத்தில் அளக்காமல் கணினியில் கணித்து எடுக்கவும் முடியும். அது எப்படி என்பதைத்தான் எழுத வந்தேன்.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தாள். “சேர், ஒவ்வோர் அயனும் ஒரு குட்டிக் காந்தம் என்றால், பக்கத்திலிருக்கும் குட்டிக் காந்தத்தை அது இழுக்கும், அல்லது தள்ளும். அவ்வளவுதானே? இதில் கணிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கடதாசியை எடுத்து இருவரும் கணக்கிட்டோம்.

நிக்கல் ஒட்சைட்டை எடுத்துக்கொள்வோம். கறியுப்பின் அமைப்புத்தான் இதற்கும்: நிக்கல், ஒட்சிசன், நிக்கல் என்று நேர்கோட்டில் மாறி மாறி வரும். அந்தக் கோட்டில் ஒரு நிக்கலுக்கும் அடுத்த நிக்கலுக்கும் இடையே 0.417 நனோமீற்றர். ஒவ்வொரு நிக்கலிலும் சோடி சேராத இலத்திரன் இரண்டு. இவ்வளவு தூரத்தில் இரண்டு குட்டிக் காந்தங்கள் காந்தம் என்ற முறையில் ஒன்றையொன்று பாதிக்கும் சக்தியை வெப்பநிலையாக மாற்றினால், ஒரு கெல்வினின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதற்கு மேல் வெப்ப அதிர்வு அந்த ஒழுங்கைக் குலைத்துவிட வேண்டும். ஆனால் நிக்கல் ஒட்சைட்டின் காந்த ஒழுங்கு ஏறத்தாழ 523 கெல்வின் வரை, அதாவது 250 பாகை செல்சியசு வரை, குலையாமல் நிற்கிறது. ஆயிரக்கணக்கான மடங்கு பிசகு. அவள் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்படியென்றால் அவற்றைப் பிடித்துவைத்திருப்பது காந்தவிசை இல்லையா, சேர்?”

இல்லை. அது மின்விசையும், ஒரே சுழற்சியுள்ள இரண்டு இலத்திரன்கள் ஓரிடத்தில் சேர முடியாது என்னும் பௌலியின் தவிர்க்கைத் தத்துவமும் சேர்ந்து செய்யும் வேலை.

அந்த ஒழுங்கு எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிக்கல் ஒட்சைட்டில் அந்த நேர்கோட்டின் அடுத்தடுத்த நிக்கல்களின் சுழற்சிகள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று மேல் என்றால் அடுத்தது கீழ். கூட்டிப் பார்த்தால் பூச்சியம். வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் ஒட்டாது, ஆனால் உள்ளே கடும் ஒழுங்கு. பிரான்சின் லூயி நேல் 1930களில் இப்படி ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் என்று கொள்கையளவில் சொன்னார். கண்ணால் காண வழியில்லாமல் இருந்தது. 1949 இல் ஷல், ஸ்மார்ட் என்ற இருவர் மங்கனீசு ஒட்சைட்டின் மேல் நியூத்திரன்களைப் பாய்ச்சினார்கள். நியூத்திரனுக்கும் தற்சுழற்சி உண்டு. ஆகவே அது மேல்நோக்கிய அயனையும் கீழ்நோக்கிய அயனையும் வேறுபடுத்தி அறியும். குளிரவைத்தபோது, சிதறிவந்த நியூத்திரன்களின் எண்ணிக்கையில் புதிய உச்சங்கள் தோன்றின. பளிங்கின் திரும்பத்திரும்ப வரும் அலகு காந்தக் கணக்கில் இரண்டு மடங்கு நீளமாகிவிட்டதை அவை காட்டின. மேல், கீழ், மேல், கீழ். நேல் சொன்னது சரி. ஒழுங்கு குலையும் வெப்பநிலைக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறோம்.

நேல் வெப்பநிலை மங்கனீசு ஒட்சைட்டுக்கு ஏறத்தாழ 118 கெல்வின், இரும்பு ஒட்சைட்டுக்கு 198, கோபால்ற்று ஒட்சைட்டுக்கு 291. இந்தக் கடைசி எண் எனக்கு மிகப் பிடித்தமானது. 291 கெல்வின் என்பது 18 பாகை செல்சியசு. மட்டக்களப்பில் மார்கழி மழை இரவிலும் கோபால்ற்று ஒட்சைட்டின் சுழற்சிகள் சிதறியே கிடக்கும். அதே குப்பியை நுவரெலியாவுக்கு எடுத்துச் சென்று ஓர் இரவு வெளியே வைத்தால், அவை தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

இப்போது பிடித்துவைத்திருப்பது எது என்ற கேள்விக்கு வருவோம். நிக்கலுக்கும் நிக்கலுக்கும் இடையே ஒட்சிசன் ஒன்று குறுக்கே நிற்கிறது. அந்த ஒட்சிசனில் எல்லா இலத்திரன்களும் சோடி சேர்ந்துவிட்டன. அதற்கென்று காந்தத்தன்மை கிடையாது. காந்தமே இல்லாத ஒன்றின் ஊடாக இரண்டு காந்த அயன்கள் எப்படி ஒன்றையொன்று அறிகின்றன? 1934 இல் கிராமர்ஸ் இந்தக் கேள்விக்கு ஒரு வழி காட்டினார். 1950களில் பிலிப் அண்டர்சன் அதைத் துலக்கினார்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து மேற்குக் கரையான படுவான்கரைக்கு, குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி மண்டூருக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெளியூர் வாசகருக்காக ஒரு சொல்: வாவியைக் கடக்க வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச்செல்லும் மிதவைப் படகைத்தான் எங்கள் ஊரில் பாதை என்கிறோம். குருமண்வெளியில் ஒரு நிக்கல், மண்டூரில் ஒரு நிக்கல், நடுவே வாவி. ஒட்சிசன்தான் பாதை. வாவி இருப்பதால் கரைகள் பிரிந்திருக்கின்றன. பாதை இருப்பதால் பிரிவு முழுமையாக இல்லை.

ஓர் இலத்திரனை ஒடுக்கமான இடத்தில் அடைத்துவைத்தால் அதன் இயக்கச் சக்தி ஏறும். சற்றுப் பரவ இடம் கிடைத்தால் இறங்கும். இது குவாண்டம் உலகின் அடிப்படை இயல்பு. ஆகவே இக்கரை இலத்திரன், பாதையின் வழியே அக்கரைக்கு எட்டிப்பார்த்துத் திரும்ப விரும்புகிறது. அக்கரையில் நிரந்தரமாகத் தங்க முடியாது. அங்கே ஏற்கெனவே ஓர் இலத்திரன் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று மின்னேற்றத்தால் தள்ளும், அந்தச் செலவு மிகப் பெரிது. ஆனால் எட்டிப்பார்ப்பதற்கே ஒரு பயன் உண்டு. பௌலியின் தத்துவம் தலையிடும் இடம் இதுதான். அக்கரை இலத்திரனின் சுழற்சி இவனுடையதைப் போன்றதே என்றால், அது குடியிருக்கும் ஓபிற்றலில், அதாவது அயனுக்குள் அதற்குரிய இடத்தில், காலெடுத்து வைக்கவே அனுமதி இல்லை. எதிர்ச் சுழற்சி என்றால் அனுமதி உண்டு. ஆகவே எதிரெதிராக நிற்கும் சோடி சற்றுக் குறைந்த சக்தியில் இருக்கிறது. ஒரே திசையில் நிற்கும் சோடிக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. ஆக, நிக்கல்கள் எதிரெதிராக நிற்பது எட்டிப்பார்க்கும் உரிமைக்காகத்தான்.

இதற்கு மிகைப் பரிமாற்றம் என்று பெயர். எட்டிப்பார்க்கும் எளிமையைக் குறிக்கும் எண்ணை வர்க்கித்து, நான்கால் பெருக்கி, இரண்டு இலத்திரன்கள் ஓரிடத்தில் இருப்பதற்கான செலவால் வகுத்தால், சலுகையின் அளவு கிடைக்கும். இது ஒவ்வோர் அயனிலும் ஒரே ஓர் இலத்திரன் உள்ள எளிய நிலைக்கான அண்டர்சனின் வாய்பாடு. அணு உலகில் சக்தியை அளக்கும் அலகான இலத்திரன்வோல்ட்டில், எளிமை 0.5, செலவு 8 என்று வைத்துப் பாருங்கள்: 0.125 வருகிறது. உயர் வெப்பநிலை மீகடத்திகளின் தாய்ப்பொருளான லந்தனம் செம்பு ஒட்சைட்டில் அளந்து கண்ட இணைப்பு ஏறத்தாழ 0.13. அந்தப் பொருளில் சுழற்சிகள் இவ்வளவு கடுமையாகப் பிணைந்திருப்பதற்கு, செம்பு, ஒட்சிசன், செம்பு ஏறத்தாழ நேர்கோட்டில் நிற்பதும், செம்பின் ஓபிற்றல் ஒட்சிசனை நேரே பார்த்திருப்பதும் காரணம்.

நேர்கோடு என்றேனே, அது முக்கியம். கோணம் 90 பாகைக்கு மடங்கினால், இரண்டு உலோகங்களும் ஒட்சிசனின் வெவ்வேறு ஓபிற்றல்களைத் தொடுகின்றன. இரு துறைகளிலும் பாதை நிற்கிறது, ஆனால் ஒன்று மற்றதன் கரைக்குப் போவதில்லை. அப்போது எதிரெதிர் விருப்பம் வலுவிழந்து, ஒரே திசையில் நிற்கும் மெலிந்த விருப்பம் தலைதூக்கும். குட்இனஃப், கனமோரி இருவரும் வகுத்த விதிகள் இவை.

மக்னடைட்டின் புதிரும் இங்கேதான் அவிழ்கிறது. அதில் இரும்புக்கு இருவகை இருக்கைகள் உண்டு. ஒட்சிசன் வழியே இணைந்த இருவகையும் எதிரெதிராகத்தான் நிற்கின்றன. ஆனால் ஒரு வகையில் எண்ணிக்கை இரட்டிப்பு. கழித்தால் மிச்சம் வருகிறது. என் சிறு வயதுக் காந்தத்தில் ஒட்டியது அந்த மிச்சம். இல்மனைட்டில் மிச்சம் இல்லை. அதோடு அதன் ஒழுங்கு ஏறத்தாழ 60 கெல்வினுக்குக் கீழேதான் வரும். திருக்கோவில் வெயிலில் அதற்கு எந்த வரிசையும் இல்லை.

இனிக் கணிப்பு. இரு அயன்களுக்கு இடையிலான இணைப்பை ஜே என்ற எழுத்தால் குறிப்பது வழக்கம். ஒரு சோடியின் சக்தி, ஜே பெருக்கல் இரு சுழற்சிகளின் எண்ணிப் பெருக்கம். ஹைசன்பேர்க்கின் பெயரால் வழங்கும் மாதிரி இது. இங்கே புதியவர்களை ஓர் எச்சரிக்கையோடு நிறுத்துகிறேன். இதில் நான் பல நாட்களை இழந்திருக்கிறேன். சிலர் ஜே என்று எழுதுவார்கள், சிலர் மறை ஜே, சிலர் மறை இரண்டு ஜே. சிலர் ஒவ்வொரு சோடியையும் ஒரு முறை எண்ணுவார்கள், சிலர் இரு முறை. ஆகவே ஒரே பொருளுக்கு நூல்களில் 19 என்றும் 9.5 என்றும் மறை 9.5 என்றும் எண்கள் கிடைக்கும். எல்லாமே சரியாக இருக்கும். எந்த எண்ணையும் எடுத்தாள்வதற்கு முன் அதன் மேலேயுள்ள சமன்பாட்டைத் தேடிப் படியுங்கள். இந்தக் கட்டுரையில் ஜே நேர் என்றால் எதிரெதிர் விருப்பம். ஒவ்வொரு சோடியும் ஒரு முறை.

கணினிக்கு ஜே என்றால் என்னவென்று தெரியாது. அயன்களையும் இலத்திரன்களையும் கொடுத்தால் முழுச் சக்தியைத்தான் அது தரும். சுழற்சிகளை ஒரு விதமாக வைத்து ஒரு முறை, இன்னொரு விதமாக வைத்து இன்னொரு முறை கணிக்கச் சொல்லி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறோம். ஜே அந்தக் கழித்தலில் பிறக்கிறது. அபாயமும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நிக்கலும் ஓர் ஒட்சிசனும் கொண்ட அலகின் முழுச் சக்தி, எல்லா இலத்திரன்களையும் சேர்த்தால், சுமார் 43,000 இலத்திரன்வோல்ட்டு. எல்லாச் சுழற்சிகளும் ஒரே திசையில் நிற்பதற்கும் எதிரெதிராக நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் 0.1 அளவே. அம்பாறைப் பக்கத்து நெல் ஆலைகளில் லொறியோடு நிறுக்கும் பெருந்தராசைப் பார்த்திருப்பீர்கள். பத்துத் தொன் லொறியை, சாரதி கழுத்தில் மூன்று பவுண் சங்கிலி அணிந்திருக்கும்போது ஒரு முறையும் கழற்றி வைத்தபின் ஒரு முறையும் நிறுத்து, கழித்து, சங்கிலியின் நிறையைச் சொல்வது போன்ற வேலை இது. தராசு ஐம்பது கிலோ பிழை காட்டினாலும் பரவாயில்லை, இரு முறையும் அதே ஐம்பது கிலோவைக் காட்டினால். இந்தத் துறையின் கைத்திறன் முழுவதும் இந்த ஒரு நிபந்தனைக்குள் அடங்கியிருக்கிறது.

நிக்கல் ஒட்சைட்டுக்கு நடைமுறையில் செய்வது இது. ஒவ்வொரு நிக்கலுக்கும் மிக அருகில் 12 நிக்கல்கள். இவற்றோடு இணைப்பு ஜே ஒன்று, கோணம் 90 பாகை. அதற்கு அடுத்த தூரத்தில், ஒட்சிசனுக்கு நேர் எதிரே, 6 நிக்கல்கள். இவற்றோடு ஜே இரண்டு. அறியாத எண்கள் இரண்டு, ஆகவே மூன்று ஒழுங்குகள் போதும். முதலாவது, எல்லாம் மேல். இரண்டாவது, கனத்தின் ஒரு பக்கத்திற்குச் சமாந்தரமான தளங்கள் மேல், கீழ் என மாறி மாறி. மூன்றாவது, மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான தளங்கள் மாறி மாறி. இயற்கை தேர்ந்தது இதைத்தான். சோடிகளைப் பொறுமையாக எண்ணினால், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு நிக்கலுக்கு ஜே ஒன்றின் எட்டு மடங்கு என்று வரும். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு, ஜே ஒன்றின் ஆறு மடங்கும் ஜே இரண்டின் ஆறு மடங்கும் சேர்ந்தது. இந்த எண்ணிக்கையை விரல்விட்டு நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். இலத்திரனுக்கு அரை வீதம் சுழற்சி அளவு நிக்கலுக்கு ஒன்று என்பதால் பெருக்கவேண்டிய காரணி எதுவும் இல்லை. நியூத்திரன் அளவீடுகளில் கிடைத்த ஜே இரண்டு ஏறத்தாழ 19 மில்லி இலத்திரன்வோல்ட்டு. ஜே ஒன்று மிகச் சிறிது, குறியும் எதிர்.

முழுப் பளிங்கையும் எடுக்காமல் ஒரு துண்டை மட்டும் கணிக்கும் வழியும் உண்டு. இரண்டு நிக்கல், அவற்றைச் சுற்றியுள்ள ஒட்சிசன் 11. ஒவ்வொரு நிக்கலையும் ஆறு ஒட்சிசன்கள் எண்முகியின் மூலைகளில் நின்று சூழ்கின்றன. இரண்டு எண்முகிகள் ஒரு மூலையைப் பகிர்வதால் 12 இல் ஒன்று குறைகிறது. இந்தத் துண்டை வெட்டவெளியில் வைத்தால் அது பளிங்கின் துண்டாக இராது. ஒட்சிசனின் இரட்டை மறையேற்றத்தைத் தாங்கி நிற்பதே சுற்றியுள்ள பளிங்கின் மின்புலம்தான். ஆகவே துண்டைச் சுற்றிப் புள்ளி மின்னேற்றங்களை அடுக்குகிறோம். வெளி எல்லையில் முகத்தில் இருப்பவற்றுக்குப் பாதி, ஓரத்துக்குக் கால், மூலைக்கு அரைக்கால் என்று ஏற்றத்தைக் குறைத்தால் கூட்டுத்தொகை விரைவில் நிலைக்கு வரும். துண்டை ஒட்டி நிற்கும் நேரயன்களை மட்டும் வெறும் புள்ளியாக விடக்கூடாது. விட்டால் ஒட்சிசனின் இலத்திரன்கள் அந்தப் புள்ளியை நோக்கி வழிந்துவிடும். உண்மையான அயனுக்கு உள் இலத்திரன்கள் இருக்கின்றன, அவை வழிதலைத் தடுக்கும். அந்தத் தடுப்பையும் மாதிரியில் சேர்க்க வேண்டும்.

இரண்டு அயன் கொண்ட துண்டு முடிவில்லாத பளிங்குக்கு ஈடாகுமா என்று ஐயம் எழுவது இயல்பு. அயன் திண்மங்களில் ஈடாகிறது. ஒரே முறையால் துண்டையும் பளிங்கையும் கணித்துப் பார்த்தால் ஜே ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது. சுழற்சிகள் தத்தம் அயனில் ஒடுங்கியிருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓர் இலத்திரன் உள்ள சோடியின் உண்மையான எதிர்ச்சுழற்சி நிலை, “இடது மேல், வலது கீழ்” என்பதும் “இடது கீழ், வலது மேல்” என்பதும் கலந்த ஒன்று. அதன் சக்தி மறை முக்கால் ஜே. ஒரே திசை நிலையின் சக்தி கால் ஜே. இடைவெளி ஒரு முழு ஜே. ஆனால் வழக்கமான முறைகளால் இரண்டில் ஒன்றை மட்டுமே எழுத முடியும். அது சமச்சீர் குலைந்த நிலை. அதன் சக்தி மறை கால் ஜே. கழித்தால் வருவது அரை ஜே. இதை மறந்தவர்கள் பாதி எண்ணை ஜே என்று எழுதிவிடுகிறார்கள்.

எந்த முறையால் கணிப்பது? ஒவ்வோர் இலத்திரனும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணர்கிறது என்று கொள்ளும் ஹாட்ரீ–பொக் முறை இலத்திரன்களைத் தத்தம் வீட்டில் மிகக் கடுமையாகப் பூட்டிவைக்கிறது. எட்டிப்பார்ப்பதற்கான செலவு மிகைப்பட்டு, ஜே அளந்த மதிப்பின் மூன்றில், நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் குறி சரி, பொருட்களின் வரிசை சரி. இலத்திரன்களின் அடர்த்தியிலிருந்தே சக்தியைக் கணிக்கும் அடர்த்திச் சார்புக் கொள்கையின் எளிய அண்ணளவாக்கங்கள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. அவற்றில் இலத்திரன்கள் மிக எளிதாகப் பரவுகின்றன, ஜே வீங்குகிறது. லந்தனம் செம்பு ஒட்சைட்டைக் காந்தமே இல்லாத உலோகம் என்று அவை சொல்லிவிட்டன. அது உண்மையில் மின்னைக் கடத்தாத காவலி. இரண்டையும் கலப்பதும், உலோக அயனுக்குக் காந்தத்தன்மையைத் தரும் 3டி இலத்திரன்களுக்கு மட்டும் கூடுதல் தள்ளுகையைச் சேர்ப்பதும் இன்றைய வழக்கம். பின்னதை 1991 இல் அனிசிமொவ், சானன், அண்டர்சன் ஆகியோர் முன்வைத்தனர். இந்த அண்டர்சன் வேறொருவர். மலிவான, பயனுள்ள வழி. ஆனால் அந்தக் கூடுதல் தள்ளுகையை ஏற்றி இறக்கினால் ஜேயும் கூடவே இறங்கி ஏறும். விரும்பிய ஜே வரும்வரை திருகிவிட்டு, அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்று எழுதுவதை நான் கணிப்பாக ஏற்பதில்லை. தள்ளுகையை வேறொரு வழியால் முதலில் நிறுவ வேண்டும்.

என் மனம் நிற்பது மல்ரியு, கபயோல், மிரயேஸ் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் வளர்த்த முறையில். இலத்திரன்கள் ஒன்றையொன்று தவிர்க்கும் எத்தனையோ அசைவுகளில், இரு நிலைகளையும் ஒரே அளவு இறக்குபவையே மிகப் பெரும்பாலானவை. கழிக்கும்போது அவை மறைந்துபோகும். பிறகு அவற்றை ஏன் கணிக்க வேண்டும்? அவற்றை முதலிலேயே விட்டுவிட்டு, வேறுபாட்டுக்குப் பங்களிப்பவற்றை மட்டும் கவனமாகக் கணித்தார்கள். லொறியை வெளியே நிறுத்திவிட்டு, சங்கிலியை மட்டும் பொற்தராசில் வைப்பது போல. செம்பு ஒட்சைட்டுகளிலும் பொற்றாசியம் நிக்கல் புளோரைட்டிலும் அளந்த மதிப்புக்கு மிக அருகில் அது வந்து நின்றது. துண்டு பெரிதானால் கணினி திணறிவிடும் என்பதுதான் குறை.

ஜேயிலிருந்து நேல் வெப்பநிலைக்குப் போகும்போதும் கவனம் வேண்டும். ஒவ்வொரு சுழற்சியும் அயலவரின் சராசரியை மட்டும் உணர்கிறது என்று கொள்ளும் எளிய வழியில், 19 மில்லி இலத்திரன்வோல்ட்டு ஏறத்தாழ 880 கெல்வினைத் தரும். உண்மை 523. ஜே தவறில்லை, சராசரி என்ற எடுகோள் ஏற்ற இறக்கங்களை விழுங்கிவிடுகிறது.

மாணவி குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற இலவச மென்பொருளைத் தன் மேசைக் கணினியில் நிறுவி, மூன்று ஒழுங்குகளையும் கணித்து எண்களை அனுப்பினாள். ஜே ஒன்று, ஜே இரண்டைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளீடுகளைத் திறந்து பார்த்தேன். முதல் ஒழுங்குக்குச் சிறிய அலகு, இரண்டாவதற்கு வேறொன்று, மூன்றாவதற்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கணிப்புப் புள்ளிகளின் வலையும் வேறு. மூன்று லொறிகளை மூன்று தராசுகளில் நிறுத்திருக்கிறாள். மூன்றுக்கும் ஒரே பெரிய அலகை எடுத்து, ஒரே வலையை வைத்து, சுழற்சிகளை மட்டும் மாற்றச் சொன்னேன். மூன்று நாட்கள் கணினி ஓடியது. “சேர், ஜே இரண்டு இப்போது பத்து மடங்குக்கு மேல் பெரிதாக வருகிறது. ஜே ஒன்றின் குறியும் மாறிவிட்டது” என்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. எந்தச் சமன்பாட்டை எடுத்தாள் என்று கேட்டேன். மறை இரண்டு ஜே என்றாள். மறையை மாற்றி இரண்டால் பெருக்கிவிட்டு, 19 உடன் ஒப்பிடச் சொன்னேன்.